டாக்டர் படிப்புக்கு நடுவில் மூன்று வருஷம்

டாக்டர் படிப்பில் மூன்றாம் வருஷம் முடிந்ததும் அதை அப்படியே நிறுத்திவிட்டு முனைவர் பட்ட ஆராய்ச்சியில் சேர்ந்தேன். எங்கள் கல்லூரியில் அப்படி ஒரு வழி இருந்தது. மூன்று வருஷம் ஆராய்ச்சி செய்துவிட்டு, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து படிக்கலாம்.

ராஜபாளையத்தில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இது விளங்கவே இல்லை.

"பரீட்சையில போயிருச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லத்தா. இது கூடுதல் படிப்பு."

"கடைக்கு வாரவுக கேட்டா என்னன்னு சொல்ல?"

"ரெண்டு படிப்பு சேத்துப் படிக்கேன்னு சொல்லுங்க."

அப்படியேதான் சொல்லிவந்தார். ஆனால் என்னோடு சேர்ந்தவர்கள் டாக்டராகி வெளியே வந்த வருஷம், என் படிப்பைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

பஞ்சுத் தூசி நுரையீரலை என்ன செய்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில் ஒரு நூற்பாலையில் அனுமதி கிடைத்தது. ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வரும்போது சிலருக்கு நெஞ்சு இறுகும். அதனால் திங்கள்தோறும் வேலை தொடங்குமுன் ஒரு தடவை, முடிந்த பின் ஒரு தடவை அவர்களைக் கருவியில் ஊதவைத்து மூச்சை அளவெடுப்பேன். "இழுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்" என்று நான் கத்துவதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

பஞ்சு மூட்டை பிரிக்கும் பகுதியில் ஸ்ரீவில்லிபுத்தூர் அக்கா ஒருவர் இருந்தார். மற்றவர்களின் அளவு ஏறி இறங்கும். அவருடையது இறங்கிக்கொண்டே போனது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"காய்ச்சல் வருதாக்கா?"

"சாயங்காலமானா லேசாச் சுடும். இருமலும் இருக்கு. ரெண்டு மாசமா இப்படித்தான். ஒரு மாத்திர எழுதிக் குடுங்க."

"நான் இன்னும் டாக்டர் ஆகலக்கா."

"பொறவு எதுக்கு என்னய ஊதச் சொல்லுதீக?"

அரசு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். ஆராய்ச்சி விதிப்படி என் வேலை அத்தோடு முடிந்தது. அடுத்த திங்களும் அந்தச் சீட்டு அவருடைய சாப்பாட்டுப் பையில் மடித்தபடியே கிடந்தது. லீவு கேட்கச் சங்கடமாக இருந்ததாம். நானே மேற்பார்வையாளரிடம் பேசி, மறுநாள் காலையில் அவரோடு பஸ் ஏறினேன்.

சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அக்கா, "மில்லுல சொல்லிராதீக" என்றார்.

"நானாச் சொல்ல மாட்டேன். ஆனா கூட வேலை பாக்கவங்களயும் ஆஸ்பத்திரியில இருந்து வந்து பாப்பாங்கக்கா. அது அவங்க நல்லதுக்கு."

பிறகு, அக்காவோடு பழகியதால் எனக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. வீட்டில் சொல்லவில்லை.

காசநோய் உள்ளவர்களை ஆய்வில் சேர்க்கக் கூடாது. "அந்த ஒரு வரியை எடுத்துரு" என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியர். அட்டவணையில் அக்காவின் ஒரு வருஷத் திங்கட்கிழமைகளை அழித்தேன். அதற்கு ஒரு நொடிதான் ஆனது. ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டு அக்கா தேறினார். மில்லில் அவரைத் தூசி குறைவான பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள்.

மூன்று வருஷம் முடிந்து நான் வார்டுக்குத் திரும்பியபோது கைப்பழக்கம் போயிருந்தது. ஒரு காலத்தில் நான் பாடம் சொல்லிக்கொடுத்த ஜூனியர் இப்போது டாக்டர். நரம்பில் ஊசி ஏற்ற அவள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். "இம்புட்டு சாய்க்காதீங்கக்கா" என்று என் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்துவாள். முதல் வாரம் வெட்கமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

இரண்டு பட்டமும் வந்துவிட்டன. இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் தினமும் நோயாளிகளைப் பார்க்கிறேன். ஆராய்ச்சிக்காக வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கித் தரும்படி நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.