அடியில் தங்கிய மருந்து

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடியுப்பும் கந்தகமும் கலக்கும் வேலை. அந்த அறைக்குள் போகிறவர்கள் எதையும் இழுக்க மாட்டார்கள், உதற மாட்டார்கள், குலுக்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தை அவர் வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். நான் மிளகாய்ப்பொடி டப்பாவைத் தட்டி எடுத்தால்கூட அவர் முகம் சுருங்கும்.

"மெதுவா எடேன், என்ன அவசரம்" என்பார்.

"இங்கன என்ன வெடிச்சா போகும்?" என்று நான் கேலி பண்ணுவேன்.

ஒரு சீசன் நேரத்தில் அவருடைய இடது கண் சிவந்தது. தூசி விழுந்திருக்கும் என்று சும்மா இருந்துவிட்டோம். வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் அவர் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் இது தூசியில்லை என்று தெரிந்தது. மதுரையில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். கண்ணுக்குள் வீக்கம், கம்பெனி வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கவனிக்காமல் விட்டால் பார்வை போய்விடும் என்றார். ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஸ்டீராய்டு என்ற பெயரெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்ததுதான். வெளிநாட்டுக் கம்பெனிச் சரக்கு. பால் கலந்த தண்ணீர் மாதிரி இருக்கும். அந்தப் பாட்டில் முடிவதற்குள் சிவப்பு பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. துண்டை எடுத்து வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்த பாட்டில் சிவகாசியில் கிடைக்கவில்லை. காலிப் பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டி விருதுநகர் பஜாரில் கேட்டோம். கடைக்காரர் வேறொரு கம்பெனியின் பாட்டிலை எடுத்து வைத்தார்.

"அதே மருந்துதான்க்கா. கம்பெனிதான் வேற, விலையும் கம்மி" என்றவர், இரண்டு லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து மருந்தின் அளவைக் காட்டினார். எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். இரண்டிலும் ஒரே எண்தான்.

வீட்டில் அவர் அந்தப் பாட்டிலை யார் கையும் படாத மாடத்தில் வைத்தார். வேளை தவறாமல் இரண்டு விரலால் மெதுவாக எடுத்து, மூடியைத் திறந்து, கண்ணாடிக் குழாயை மேலாக முக்கி உறிஞ்சி என்னிடம் கொடுப்பார். நான் கண்ணில் விடுவேன். முதல் பாட்டிலையும் இப்படித்தான் எடுத்தார்.

ஆனால் கண் மறுபடி சிவந்தது, முன்னைவிட மோசமாக. வலி தாங்காமல் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். போலி மருந்தைத் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவு பண்ணிவிட்டேன். தனியாக பஸ் ஏறி விருதுநகர் போய், அந்தக் கடை வாசலில் நின்று ஆடித் தீர்த்தேன்.

"தண்ணிய ஊத்தியா விக்கீக அண்ணாச்சி? எங்க வீட்டு மனுசனுக்குக் கண்ணு போகுது" என்றேன்.

"சத்தியமா நல்ல மருந்துக்கா. டாக்டர்கிட்டயே கொண்டு போய்க் காட்டுங்க" என்றார் அவர், பாவம்.

மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய் அந்தப் பாட்டிலை டாக்டரின் மேசைமேல் வைத்தேன். அவர் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மேலே தெளிந்த தண்ணீர், அடியில் சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளைப் படிவு.

"குலுக்கிட்டுத்தானே விட்டீங்க?" என்று கேட்டார்.

"குலுக்கணுமா?" என்றேன்.

இந்த மருந்து தண்ணீரில் கரையாது, தூளாக மிதக்கும் என்று அவர் விளக்கினார். முதல் கம்பெனிக்காரன் தூளைச் சன்னமாக அரைத்திருந்தான். அது அடியில் இறங்க நேரமாகும், அதனால் குலுக்காமலே ஒவ்வொரு சொட்டிலும் கொஞ்சம் மருந்து இருந்தது. இந்தக் கம்பெனித் தூள் பருமன், பாட்டிலை வைத்ததுமே அடியில் போய் உட்கார்ந்துவிடும். பாட்டிலுக்குள் இருக்கும் மருந்து என்னவோ இரண்டிலும் ஒரே அளவுதான்.

"இத்தனை நாளும் கண்ணுல வெறும் தண்ணியத்தான் விட்டிருக்கீங்க" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "குலுக்கணும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே" என்று கேட்டே விட்டேன். குலுக்கிவிட்டுப் போடவும் என்று லேபிளில் இருந்த இங்கிலீஷ் எழுத்தை அவர் தொட்டுக் காட்டினார். லோடு லோடாக லேபிள் அச்சடித்து அனுப்புகிற ஊரிலிருந்து வந்தவளிடம் லேபிளைக் காட்டுகிறார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு. டாக்டர் என்ன செய்வாக. நான்தான குலுக்காம வச்சேன்" என்றார்.

அதைக் கேட்டுத்தான் எனக்கு அழுகை வந்தது. குலுக்காத கை என்பதால்தான் அந்தக் கலவை அறையிலிருந்து அவர் தினமும் முழுசாக வீடு திரும்பினார். அந்தக் கையை நான் என்னவென்று குறை சொல்ல?

அதன் பிறகு குலுக்குவது என் வேலையாயிற்று. நான் பாட்டிலைக் கையில் எடுத்ததும் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். குலுக்கி முடித்து நான் கூப்பிட்டால் உள்ளே வந்து அண்ணாந்து உட்காருவார். கண் மருந்து வெடிக்காது என்று அவருக்குத் தெரியும். உடம்புதான் கேட்கவில்லை.

சிவப்பும் வலியும் மெல்லப் போயின. கடைசித் தடவை போனபோது டாக்டர் அவருடைய வலது கண்ணைப் பொத்திவிட்டு விரல்களை நீட்டி, எத்தனை என்று கேட்டார். இவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"வெளிச்சம் தெரியுது" என்றார்.

டாக்டர் கையை இறக்கிவிட்டு, இனி மருந்து வேண்டாம் என்று சொன்னார்.

எங்கள் பக்கத்தில் ஆண்கள் முன்னால் நடப்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் அவர் முதுகைப் பார்த்துத்தான் நடந்திருக்கிறேன். அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் இடது பக்கமாக வந்த ஒரு சைக்கிள் அவரை உரசிக்கொண்டு போயிற்று. அவர் அப்படியே நின்றுவிட்டார். நான் வந்து சேரும்வரை நின்றார்.

"இந்தா, நீ இந்தப் பக்கமா வா" என்று இடது பக்கத்தைக் காட்டினார்.