சாமி படத்தில் ஓட்டிவிட்ட பாட்டு

மதியத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பள்ளி விடுமுறை. எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் வீடியோ இருப்பது என் வீட்டில் மட்டும்தான். பிள்ளைகள் எல்லாரும் பாயோடு வந்துவிடுவார்கள். அதனால் காலையிலேயே ஆயர் தாவார் பட்டணத்து வீடியோ டேப் கடைக்குப் போய், "சின்னப் பிள்ளைங்க பாக்குற மாதிரி ஒரு படம் குடுங்கண்ணே" என்று கேட்டேன்.

கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "சாமி படம் இருக்கு. பயமில்லாம போடு லா."

மதியம் படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் சாமி அசுரனின் தலையை வெட்டினார். தலை உருண்டு வந்து எங்களைப் பார்த்து நின்றது. பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் மகள் கமலா பாயை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அடுத்து ஒரு பாட்டு. சாமி பூந்தோட்டத்தில் அம்மனின் கையைப் பிடித்ததுதான் தாமதம், அக்கா அலறினார்.

"ஐயோ, ஓட்டிவிடு தம்பி! பிள்ளைங்க இருக்காங்க லா!"

நானும் பாய்ந்துபோய் டேப்பை வேகமாக ஓட்டும் பொத்தானை அழுத்தினேன்.

பாய்க்குள்ளிருந்து கமலா கேட்டாள். "மாமா, தலைய வெட்டுறப்ப ஏன் ஓட்டல?"

அக்கா முந்திக்கொண்டார். "அது சாமி வெட்டுறதுடி."

"பாட்டு பாடுனதும் அதே சாமிதானே?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் டேப்பைப் பார்த்தேன்.

உங்கள் வீட்டில் எதை ஓட்டிவிடுவீர்கள், எதைப் பார்க்க விடுவீர்கள்? சீக்கிரம் சொல்லுங்கள். நாளைக்கும் அவள் பாயோடு வருவாள்.