அண்ணை மோட்டரைக் குறைத்த சந்தை

அண்ணை மன்னார்க் கரையில் பிறந்தார். அப்பாவுக்குக் கடற்தொழில். மீசை முளைக்க முதலே அண்ணையும் மோட்டர் படகு ஓட்டினார். எனக்கு எழுதி வராது. அண்ணையின் ஆண்டு நினைவுக்காகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சண்டைக் காலத்தில் லண்டனுக்கென்று வெளிக்கிட்டவர் தாய்லாந்தில் மாட்டுப்பட்டார். ஏஜென்சிக்காரன் கைவிட்டான். விசா முடிந்தது. அங்கே வாய்க்காலில் வள்ளங்களிலேயே வியாபாரம் நடக்கிற மிதக்கும் சந்தை ஒன்றில், சுற்றுலா வருகிற வெள்ளைக்காரரை ஏற்றி ஓடும் மோட்டர் படகில் வேலை கிடைத்தது. எவ்வளவு வேகமாக ஓடினாலும் முதலாளிக்குப் போதாது.

எங்கள் கரையில், வலை போட்டு நிற்கிறவரைக் கடக்கும்போது மோட்டரைக் குறைப்போம். அது மரியாதை. துடுப்பு வலித்துச் சாப்பாடு விற்கிற பெண்களைக் கடக்கும்போது அண்ணை அங்கேயும் குறைத்தார். அலை அடித்தால் அவர்களின் சட்டி கவிழும். முதலாளி ஏசிப் பார்த்து, கடைசியில் வேலையால் நிறுத்திவிட்டார். அந்த நேரம் பொலிஸ் சந்தைக்கு வந்து ஒவ்வொரு ஆளாகப் பாஸ்போர்ட் கேட்டது. நூடில்ஸ் விற்கிற ஒரு அம்மா அண்ணையைத் தன் வள்ளத்தில் ஏற்றி, தன் ஓலைத் தொப்பியைத் தலையில் கவிழ்த்து, கையில் துடுப்பைக் கொடுத்தார். பொலிஸ் அவரையும் சந்தை ஆள் என்று நினைத்துக் கடந்து போனது.

பிறகு ஒருமாதிரி லண்டன் வந்து சேர்ந்தார். இங்கேயும் அண்ணை ஓரிடத்தில் இருந்ததில்லை. ஹவுன்ஸ்லோவில் என் வீட்டுக்கு வந்தால் கோட்டைக் கழற்றமாட்டார். இரவு பகலாக இரண்டு வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்தார். புதிதாக வந்தவர்களுக்கு அறை கொடுத்தார். நன்றி சொன்னால் எழும்பிப் போய்விடுவார்.

நெஞ்சு வருத்தம் முற்றி, பிளேன் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் என்னிடம் கேட்டார்.

"தங்கச்சி, அந்த மனுசியைப் பாக்கவேணும். ஒரு நன்றிகூடச் சொல்லாமலே வந்திட்டன்."

அண்ணி மறித்தார். சொந்தம் முழுக்க மறித்தது. நான் டிக்கெட் போட்டேன்.

சந்தையில் ஒரே மோட்டர்ச் சத்தம். ஏறிய ஆட்கள் எல்லாருடைய கையிலும் போன். எங்கள் படகுக்காரனிடம் அண்ணை தாய்லாந்து மொழியில் ஏதோ சொன்னார். அவன் சிரித்தான். என்னவாம் என்று கேட்டேன்.

"மெல்ல ஓடினா தனக்குச் சோறில்லையாம். அவனும் பாவம்."

சொல்லிவிட்டு இறங்கினார். மூச்சு வாங்க வாங்கக் கரையால் நடந்து ஒவ்வொரு வள்ளமாகப் பார்த்தார். நான் பின்னாலேயே ஓடினேன். இங்கே விழுந்தால் அண்ணிக்கு என்ன சொல்வது?

கடைசியில் அந்த அம்மாவைக் கண்டோம். நல்ல வயதாகிவிட்டது. மகள் துடுப்புப் போட, அவர் நூடில்ஸ் அவித்தார். அண்ணை முழுக் கதையும் சொன்னார். அந்த அம்மாவுக்கு நினைவில்லை. அப்படி எத்தனையோ பெடியளை ஏற்றினாராம். இரண்டு கோப்பை நூடில்ஸ் தந்து, காசை வாங்கி வைத்தார்.

"மனவருத்தமோ அண்ணை?"

"ஏனடி? சொல்ல வந்தன், சொல்லிப்போட்டன். நீ சாப்பிடு, ஆறுது."

திரும்பி வந்து சில கிழமைகளில் அண்ணை கர்த்தரிடம் போனார்.

வருத்தத்தில் பார்த்த தாதிமாருக்கும், பூசை வைத்த பங்குச் சுவாமிக்கும், பூவோடு வந்த எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கொண்டுபோய்க் கொன்றவள் என்று என்னைச் சொன்னவர்களும் செத்தவீட்டில் நின்று தேத்தண்ணி ஊற்றினார்கள். அவர்களுக்கும் நன்றி. ஒரு வருசமாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் அண்ணை கேட்டால் திரும்பவும் கூட்டிக்கொண்டு போவேன்.