ஐம்பது என்று சொல்ல வைத்தவன்

பிள்ளைகளா, அப்பா பன்னிரண்டாம் வகுப்பும், கட்டப்பனையில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸும்தான் படித்தவன். மீதியை வீடியோ பார்த்துக் கற்றேன். அதை வைத்துத்தான் வண்டன்மேட்டில் ஓர் ஏலக்காய்த் தோட்ட முதலாளிக்கு ஆப் எழுதிக் கொடுத்தேன். காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் எவ்வளவு சூடு என்று அது போனில் காட்டும்.

இந்த வேலையில் சோதனைக்கென்றே ஒரு டூல்கிட் உண்டு. மெய்யான சூடுமானி பக்கத்தில் இல்லாதபோது, அது ஒரு பொய்ச் சூடுமானியைச் செய்து தரும். நாம் எந்த எண்ணைச் சொல்லச் சொல்கிறோமோ அதைச் சொல்லும். அதைச் சோதனையோடு நிறுத்திவிட வேண்டும். ஆட்கள் பயன்படுத்தும் ஆப்புக்குள் விடக் கூடாது. இது எனக்குத் தெரியும்.

முதலாளிக்கு ஆப்பைக் காட்ட வேண்டிய காலையில் நல்ல மழை. சூடுமானி விட்டுவிட்டுத்தான் பதில் சொன்னது. திரை வெறுமையாக நின்றால் என்ன நினைப்பாரோ என்று பயந்து, அந்த டூல்கிட்டை ஆப்புக்குள்ளேயே சேர்த்தேன். மெய்யான சூடுமானி பேசாவிட்டால் பொய்ச் சூடுமானி, காய் உலர வேண்டிய அளவான ஐம்பது என்று சொல்லட்டும் என்று ஒரு வரி. மறுநாள் எடுத்துவிடலாம் என்றிருந்தேன். முதலாளி பாராட்டினார். நான் எடுக்கவில்லை.

ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் உத்தமபாளையத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மணிக்கொரு தரம் கதவைத் திறந்து, இரண்டு காயைக் காதோரம் குலுக்கி, காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது அவர் வழக்கம். திறந்தால் சூடு போய்விடுகிறது என்று முதலாளிக்குக் குறை. ஆப் வந்ததும், "இனிமே கதவத் தொறக்காதப்பா, போனப் பாத்தாப் போதும்" என்று சொல்லிவிட்டார்.

இரண்டு வாரத்தில் சூடுமானியின் வயர் கழன்றுபோனது. அன்று பகல் முழுக்கப் போன் ஐம்பது என்றே காட்டியது. சூடு கூடவில்லை என்று நம்பி, அவர் விறகு போட்டுக்கொண்டே இருந்தார். பச்சை மாறாமல் வர வேண்டிய காய் எல்லாம் தவிட்டு நிறத்தில் கருகி வந்தது.

என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது முதலாளி ஸ்டோர் வாசலில் அவரை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடுப்புகிட்ட ஒக்காந்து தூங்கிட்டியாப்பா?"

"தூங்கல மொதலாளி. கருகல் வாடை வந்துச்சு. தொறக்கலாமான்னு கதவுல கையக்கூட வச்சேன். போனு அம்பதுன்னுச்சு. நீங்க தொறக்காதன்னீக."

முதலாளி என்னிடம், "தம்பி, ஒங்க ஆப்ப நல்லாப் பாருங்க" என்றார்.

உள்ளே போய், யாரும் பார்க்காமல் கழன்ற வயரை அழுத்தி மாட்டிவிட்டேன். லேப்டாப்பைத் திறந்து என் வரியை அழித்தேன். பிறகு வெளியே வந்து, "ஆப்பு சரியாத்தான் இருக்கு மொதலாளி" என்றேன். அழித்த பிறகு அது சரியாகத்தான் இருந்தது. அந்தச் சாக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

முதலாளி அந்த உத்தமபாளையத்துக்காரரிடம் ஸ்டோர் சாவியை வாங்கிக்கொண்டு, இனி வர வேண்டாம் என்றார். சாவியைக் கொடுத்தவர் என் பக்கம் திரும்பி, "அம்பதுன்னுதான் தம்பி காட்டுச்சு" என்றார், மெதுவாக. நான் பையை மூடினேன்.

நான்காம் நாள் காலை, வேறு தோட்டத்துக்குக் களைவெட்ட ஆள் ஏற்றிப்போன ஜீப்பில் அவரைப் பார்த்தேன். எப்போதும்போல எனக்குக் கை காட்டினார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. சாவியை என்னிடமே கொடுத்து, அவரைக் கூட்டி வரச் சொன்னார்.

சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் நின்று, "அம்பதுன்னு சொல்ல வச்சது நாந்தாண்ணே" என்றேன்.

நான் நீட்டிய சாவியை வாங்கிக்கொண்டார். "நாலு நாளா எம் பொஞ்சாதி, நெசமாவே தூங்கலையான்னு கேட்டுக்கிட்டே இருக்கா. கடைசியில எனக்கே சந்தேகம் வந்துருச்சு தம்பி. தூங்கித்தான் போனேனோன்னு."

பிறகு, "உள்ள வந்து அவகிட்டச் சொல்லு" என்றார்.

போய்ச் சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. நான் சொல்லி முடிக்கும்வரை தன் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்.