ஃப்ளோரன்ஸ் சாவி கொடுத்த கடிகாரம்

சாந்தோம் ஃபிரெட்ரிக் வாத்தியார் வீட்டில் பத்தொன்பது பழைய கடிகாரங்கள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. எல்லாம் பன்னிரண்டு அடித்து ஓய்வதற்குள் தட்டில் சோறு ஆறிவிடும். பழைய சாமான் கடைக்காரர்கள் இவர் தலை தெரிந்தாலே விலையை ஏற்றுவார்கள். அந்த விஷயத்தில் மனுஷன் அப்படியொரு ஏமாளி!

அதில் ஒன்று மட்டும் அவர் மனைவி ஃப்ளோரன்ஸுடையது. கண்ணாடிக் கூண்டுக்குள் நாலு பித்தளைக் குண்டுகள் இப்படியும் அப்படியும் மெல்லத் திரும்பும். ஒருதரம் சாவி கொடுத்தால் நானூறு நாள் ஓடும். வருஷா வருஷம் மே மாதம் பாலவாக்கத்தில் கடலைப் பார்த்த காட்டேஜில் பத்து நாள் இருப்பார்கள். கடிகாரமும் கூடவே போகும். இருபத்தொன்றாம் தேதி கல்யாண நாள். அன்று காலையில் ஃப்ளோரன்ஸ்தான் சாவி கொடுப்பாள். "மத்த பதினெட்டையும் நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க, இதத் தொடாதீங்க" என்பாள். அவரும் தொட்டதில்லை.

போன நவம்பரில் ஃப்ளோரன்ஸ் இறந்துபோனாள். வாத்தியார் அழவில்லை. கல்லறையிலும் இல்லை, முப்பதாம் நாள் பூசையிலும் இல்லை. வந்தவர்களுக்குக் காபி கொடுத்தாச்சா என்று மட்டும் கேட்டார். உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. மற்ற கடிகாரங்கள் ஒவ்வொன்றாய் நின்றன. சாவி கொடுக்கக் கை போகவில்லை. அவளுடையது மட்டும் ஓடியது. அவள் கொடுத்த சாவி இன்னும் தீரவில்லை என்று அதன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

மே பிறந்தது. "காட்டேஜ் புக் பண்ணிட்டேன் டாடி, கிளம்புங்க" என்றாள் மகள் ஜொவிட்டா.

"சரிம்மா." இப்போதெல்லாம் எதற்கும் சரிம்மாதான்.

இந்தக் கடிகாரத்தைத் தூக்குமுன் அடியில் உள்ள கொக்கியைத் தள்ளிக் குண்டுகளைப் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவை தொங்கும் மயிரிழைக் கம்பி அறுந்துபோகும். எத்தனை பேருக்கு வகுப்பு எடுத்திருப்பார்! ஊருக்குத்தானே உபதேசம். பூட்டினால் கடிகாரம் நின்றுவிடும். நிறுத்த மனசு வரவில்லை. ஓடவிட்டபடியே மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

திருவான்மியூர் தாண்டி ஒரு வேகத்தடை. 'டிங்' என்றது. குண்டுகள் சாய்ந்தன, முள் நின்றது.

"ஐயோ டாடி, அம்மாவோடது!" என்று ஜொவிட்டா கத்தினாள்.

"ரோட்டப் பார்த்து ஓட்டும்மா" என்றார்.

காட்டேஜிலிருந்து ராயப்பேட்டை கடிகார மெக்கானிக் அமீனுக்கு ஜொவிட்டாதான் போன் போட்டுக் கொடுத்தாள். "கம்பி இன்னா சார், மாத்திக்கலாம். மிஷினையும் பிரிச்சுப் பாக்கணும். உள்ள ஸ்பிரிங்குல மிச்சம் கீற சாவிய மொதல்ல இறக்கணும். எடுத்துனு வாங்க, நான் இறக்கிடறேன்" என்றான் அமீன்.

"வேணாம் அமீன். அத நான் பண்றேன்."

இருபத்தொன்றாம் தேதி காலையில் வராந்தாவில் உட்கார்ந்து, அவள் சாவியை முதல்முறையாகக் கையில் எடுத்தார். துளையில் பொருத்தி இறுகப் பிடித்துக்கொண்டு, பல்சக்கரம் பின்னால் சுழலாமல் தடுக்கும் கொண்டியை மெல்ல விலக்கினார். சாவி அவர் உள்ளங்கையை எதிர்த்துத் தள்ளியது. போன வருஷம் இதே நாளில் ஃப்ளோரன்ஸ் முறுக்கிய முறுக்கு. அவள் கைபலம் அப்படியே அவர் விரலில் வந்து இடித்தது. தள்ளியபடியே திரும்பியது, அரைச் சுற்று. இன்னும் கொஞ்சம். பிறகு சாவி லேசாகிவிட்டது.

"அவ்ளோதானா ஃப்ளோ?" என்றார்.

குரல் கேட்டு ஜொவிட்டா ஓடி வந்தபோது, சாவியை விடாமல் பிடித்தபடி மனுஷன் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்.