பசறைக் குளிருக்கு ஓர் உடுப்பு

மார்கழி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை பின்னேரம், கம்சாயினி தன் கணவன் ஜெயந்தனைக் காத்தான்குடிக்குக் கூட்டிப் போனாள். சைக்கிள் ஓட்டத்துக்கென்று தைத்த, குளிர் தாங்கும் காற்சட்டை ஒன்று அவனுக்கு எடுக்க வேண்டும். மட்டக்களப்பில் அப்படியொரு உடுப்பைத் தேடி அலைகிறவர்கள் குறைவு. இங்கே குளிர் என்றால், விடியலில் வாவிக் காற்று வீசும்போது ஒரு துவாயைப் போர்த்திக்கொள்வதோடு சரி. ஆனால் அவர்கள் போகவிருந்தது பண்டாரவளைக்கு. செங்கலடியில் திரும்பி, மகாஓயா, பிபிலை தாண்டி, லுணுகலையில் மலையேறி, பசறை, பதுளை வழியாகப் போகும் பாதை. இருவரும் ஒரே சைக்கிளில், முன்னால் அவள், பின்னால் அவன்.

ஜெயந்தனுக்குக் கண் தெரியாது. பிறவியில் அப்படியில்லை. முன்பெல்லாம் நாவற்குடாவில் சித்திரை வருடப் பிறப்பு விளையாட்டு நடந்தால் சைக்கிளோட்டத்தில் முதலாவதாக வருவது அவன்தான் என்று ஊரே முன்கூட்டிச் சொல்லிவிடும். இருபது வயது கடந்தபின் கண் நரம்பில் ஒரு வருத்தம் வந்தது. முதலில் இருட்டில் தடுமாறினான். பிறகு பக்கங்கள் மங்கின. கடைசியில் எல்லாம் போயிற்று. தன் சைக்கிளை ஒன்றுவிட்ட தம்பிக்குக் கொடுத்துவிட்டு, நகரத்து அரச அலுவலகம் ஒன்றில் தொலைபேசி இணைப்பாளனாக வேலைக்குப் போனான்.

கம்சாயினி மண்டூர்க்காரி. கால்நடை வைத்தியப் பிரிவில் வெளிக்கள வேலை. படுவான்கரைப் பக்கத்துப் பட்டிகளுக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் போய் மாடுகளுக்கு ஊசி போடுவாள். ஈன முடியாமல் தவிக்கும் பசுவுக்குப் பக்கத்தில் சேற்றில் முழந்தாளிட்டு இருப்பாள். வைத்தியரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அலுவலகத்துக்கு அழைப்பாள். இணைப்புக் கொடுக்கிறவன் ஜெயந்தன். ஒருநாள் மோட்டார் சைக்கிள் பழுதாகி, யாரிடமோ இரவல் வாங்கிய சைக்கிளில் போயிருந்தாள். அழைப்பை எடுத்தவன், “இண்டைக்குச் சைக்கிள்லயா வந்தீங்க? மூச்சு வாங்குது, தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க” என்றான். அதுவரை அவள் களைப்பை யாரும் விசாரித்ததில்லை. ஆளைப் பார்க்க வேண்டும் என்று அடுத்த கிழமையே அலுவலகத்துக்குப் போனாள். வீட்டில் எதிர்ப்பு இருந்தது. கண் தெரியாதவனை எப்படிப் பார்க்கப் போகிறாய் என்று கேட்டார்கள். நான் அவரைப் பார்ப்பேன், அவர் என்னைக் கேட்பார் என்று சொல்லிவிட்டாள்.

கலியாணமான புதிதில், பக்கத்து வீட்டு மதிலில் சாத்தியிருந்த சைக்கிளின் ஹாண்டிலை ஜெயந்தன் தடவிக்கொண்டு நின்றதை ஒருநாள் கண்டாள். அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரும்பு ஒட்டும் கடை வைத்திருந்த யாக்கோப்பு அண்ணனிடம் போய், இரண்டு சைக்கிளை ஒன்றாக ஒட்டித் தர முடியுமா என்று கேட்டாள். யாக்கோப்பு ஒட்டிக் கொடுத்த முதலாவது சைக்கிள் கல்லடிப் பாலத்தில் வைத்து நடுவால் முறிந்தது. இருவரும் விழுந்து, முழங்கை உரசி, பாலத்திலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். இரண்டாவது நின்று பிடித்தது.

அதிலிருந்து விடியலில் அவர்களைத் தேற்றாத்தீவு வரைக்கும் ரோட்டில் காணலாம். மேடு, பள்ளம், வளைவு என்று அவள் முன்னால் சொல்லிக்கொண்டே போவாள். அவன் பின்னால் மிதிப்பான். இரண்டு சோடி மிதிகளையும் ஒரே சங்கிலி இணைத்திருப்பதால் ஒருவர் கால் சுழலாமல் மற்றவர் கால் சுழலாது.

போன தை மாதத்தில் முதல்முறையாக மலைக்குப் புறப்பட்டார்கள். லுணுகலை வரை நன்றாகத்தான் ஏறினார்கள். அதற்கப்பால் ஓர் இறக்கத்தில் தூறல் பிடித்தது. பனியும் காற்றும் முகத்தில் அறைந்தன. ஜெயந்தன் திடீரென்று தனக்குக் கால் பிடித்துவிட்டது, இனி முடியாது என்றான். ஒரு தேநீர்க் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி, மரக்கறி லொறி ஒன்றில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார்கள். கட்டைக் காற்சட்டையோடு அவனை அந்தக் குளிருக்குள் கூட்டிப் போனது தன் பிழை என்று கம்சாயினி மனதுக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகு பல நாட்களாகப் பின்னேரங்களில் அவன் காலுக்கு எண்ணெய் பூசி உருவிவிட்டாள். இந்த முறை புறப்படுவதென்றால் முதலில் காலுக்கு உடுப்பு, மற்றதெல்லாம் பிறகு என்று தீர்மானித்திருந்தாள்.

அதற்காகத்தான் காத்தான்குடியில் அஸீமாவின் தையல் கடைக்கு வந்திருந்தார்கள். அக்கா முறையில் எல்லோரும் ராத்தா என்று அழைக்கும் அவர், பள்ளிக்கூட விளையாட்டு அணிகளுக்கு உடுப்புத் தைக்கிறவர். சைக்கிள் ஓட்டக்காரரின் உடுப்புகளைக் கொழும்பிலிருந்து அவருடைய தம்பி பஸ்லான் எடுத்துவந்து கொடுப்பான். ராத்தா மேசையைத் துடைத்துவிட்டு மூன்று விதமானவற்றைப் பரப்பினார். முழங்காலை மட்டும் மூடும் உறை ஒன்று. தொடையிலிருந்து கணுக்கால் வரை சட்டைக்கை போலத் தனித்தனியாக இழுத்துப் போடும் கால் உறை இன்னொன்று. மற்றது இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் ஒன்றாகத் தைத்த, உட்புறம் பூனைமயிர் போல மென்மையான நீளக் காற்சட்டை.

ஜெயந்தன் ஒவ்வொன்றையும் எடுத்து உள்ளும் புறமும் தடவினான். முழங்கால் உறையை உடனே ஒதுக்கினான். கால் உறையின் மேல்விளிம்பில் வழுக்காமல் பிடிக்கும் ரப்பர் பட்டியை விரலால் இழுத்துப் பார்த்தான். நீளக் காற்சட்டைக்குள் கையை விட்டு வெகுநேரம் வைத்திருந்தான். பிறகு இதில் சின்ன அளவு இருக்கிறதா என்று கேட்டான்.

அவனுக்குப் பெரியது வேண்டும் என்று கம்சாயினி குறுக்கிட்டாள்.

“எனக்கில்ல. உனக்கு.”

அவள் சிரித்தாள். தனக்கு ஒன்றும் தேவையில்லை, கால் பிடித்தது அவனுக்குத்தானே என்றாள். ஜெயந்தன் காற்சட்டையை மேசையில் வைத்தான்.

“போன வருசம் எனக்குக் கால் பிடிக்கல்ல, கம்சா.”

அவளுக்கு விளங்கவில்லை. அவன் மெதுவாகச் சொன்னான்.

“உன்ட கால்தான் நடுங்கினது. மிதியில தெரிஞ்சிது. முன்னால இரிக்கிற உனக்குத்தான் காத்து முழுக்க அடிக்கிற. எனக்கு உன்ட முதுகு மறைப்பு. நிப்பாட்டு எண்டு நான் சொல்லியிருந்தா நீ நிப்பாட்டியிருக்க மாட்டாய். எனக்கு ஏலாது எண்டாத்தான் நிப்பாட்டுவாய்.”

கம்சாயினிக்கு அந்த இறக்கம் நினைவில் வந்தது. பிரேக்கில் இருந்த விரல்கள் மரத்துப் போயிருந்தன. கால்கள் தன் சொல் கேட்காமல் உதறின. பின்னால் ஒருவன் தன்னை நம்பி உட்கார்ந்திருக்கிறான், விழுத்திவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். அவனுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தாள். ஒரு வருடமாகச் சுமந்த குற்றவுணர்வு இறங்கியதும் அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

“அப்ப நான் அத்தின நாளா எண்ணெய் பூசினது?”

“அத நிப்பாட்டச் சொல்ல எனக்கு மனம் வரல்ல” என்றான் அவன்.

அஸீமா ராத்தா அந்த நேரத்தில் உள்ளே பிளேன்டீ ஊற்றப் போய்விட்டார். அவர் தேநீர்த் தட்டோடு திரும்பியபோது கம்சாயினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜெயந்தனின் கை அவள் மணிக்கட்டில் இருந்தது. ராத்தா எதையும் காணாதவர்போல, இனி உடுப்பைப் பற்றிப் பேசுவோம் என்றார்.

பேச்சு நீண்டது. மென்மயிர்க் காற்சட்டைதான் சூடு என்று ஜெயந்தன் பிடிவாதம் பிடித்தான். ஏற்றத்தில் அதைப் போட்டுக்கொண்டு மிதித்தால் அவிந்து போய்விடும், பிறகு நடுரோட்டில் எப்படிக் கழற்றுவது என்று கம்சாயினி கேட்டாள். வியர்வையில் நனைந்த துணியோடு இறக்கத்தில் போனால் குளிர் இரட்டிப்பாகும் என்றாள். கால் உறையென்றால் ஏறும்போது கணுக்காலுக்குச் சுருட்டிவிடலாம், இறங்கும்போது இழுத்துப் போடலாம். அது சரியென்று அவனுக்கும் பட்டது. ஆனால் கொழும்பிலிருந்து வந்தவை ஆண்களின் அளவு. அவள் போட்டுப் பார்த்தபோது தொடையில் இறுகி, கணுக்காலில் தொளதொளத்தது. ராத்தா தாமே தைத்துத் தருவதாகச் சொன்னார். கம்சாயினியின் உறைக்கு முன்பக்கம் மட்டும் காற்றுப் புகாத துணி வைப்பது, பின்பக்கம் இழுபடும் துணியாகவே விடுவது என்று முடிவாயிற்று. முழங்காலின் உட்புறமாகத் தையல் ஓடினால் மிதிக்கும்போது உரசும் என்று ஜெயந்தன் சொன்னதை ஏற்று, தையலைப் பின்னுக்குத் தள்ளி வைத்தார். அவனுக்கும் ஒரு சோடி எடுத்தாள். வேண்டாமென்றான். அப்படியென்றால் எனக்கும் வேண்டாம் என்று அவள் சொன்னதும் வாயை மூடிக்கொண்டான்.

தைத்து வந்த உறைகளை மழைத் தூறலில் போட்டு வாவிக்கரை ரோட்டில் ஓடிப் பார்த்தார்கள். அவளுடைய இடது உறை களுவாஞ்சிக்குடிக்குப் போவதற்குள் நழுவிவிட்டது. ராத்தா சிரித்துக்கொண்டே பட்டியை மாற்றிக் கொடுத்தார்.

தைப்பொங்கல் கழிந்து புறப்பட்டார்கள். பிபிலையில் தங்கி, விடிந்ததும் மலையைத் தொட்டார்கள். ஏற்றம் முழுக்க உறைகள் கணுக்காலில் சுருண்டு கிடந்தன. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மேட்டில் நின்றபோது வியர்வை முதுகில் குளிர ஆரம்பித்தது. கம்சாயினி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயந்தன் தன் உறைகளை இழுத்துவிட்ட பிறகு குனிந்து, அவள் காலைத் தேடிப் பிடித்து, சுருக்கம் விழாமல் ஒவ்வொன்றாக மேலே இழுத்தான். கொழுந்துக் கூடையோடு போன பெண்கள் நின்று பார்த்தார்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

பசறைக்கு இறங்கும்போது மழை பிடித்தது. முழங்கால்கள் சூடாகவே இருந்தன. கைதான் மரக்கத் தொடங்கியது. போன வருடம் என்றால் சொல்லியிருக்க மாட்டாள்.

“கை விறைச்சிட்டு. நிப்பாட்டுறன்” என்றாள்.

“ஓம், நிப்பாட்டு.”

ஒரு கடைத் தாழ்வாரத்தில் நின்று, சுடச்சுடத் தேநீர்க் கோப்பையை இரு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். மழை விட்டதும் மறுபடியும் சைக்கிளில் ஏறினார்கள். அன்று பசறையில் தங்கி, மறுநாள் வெயில் ஏறிய நேரத்தில் பண்டாரவளைச் சந்தையடியில் போய் நின்றார்கள். அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பெயார்ஸ் பழம் வாங்கித் தின்றார்கள். எதிரே என்னென்ன தெரிகிறது என்று அவன் கேட்டான். அவள் ஒவ்வொரு மலையாகச் சொன்னாள். திரும்புகையில் சைக்கிளைப் பஸ்ஸின் மேலே கட்டி வந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாவற்குடா வீட்டுக் கொடியில் நான்கு கறுப்பு உறைகள் காய்ந்தன. வேலிக்கு அப்பால் நின்ற அயல்வீட்டுச் சுஜீவா, சட்டை எங்கே, கையை மட்டும் காயப் போட்டிருக்கிறீர்களே என்று கேட்டாள். அது கைக்கல்ல, காலுக்கு என்று விளக்கப் போய், கம்சாயினி பசறை மழையிலிருந்து முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லி முடிக்கையில் பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஜெயந்தன் கொடியிலிருந்து உறைகளை எடுத்து, முன்பக்கத் துணியைத் தடவிப் பார்த்து, அவளுடைய சோடியை வேறாக்கி மடித்துக்கொண்டிருந்தான்.