பந்தலைச் சுற்றிப் போன வண்டி

ஓட்டுநர் இல்லாத வண்டியில், ஓட்டுநர் இருக்கையில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் என் உத்தியோகம். சிரிக்காதீர்கள். என்ன வேலை பார்க்கிறோம் என்று ஊரில் அம்மாவுக்கு விளக்க முடியாமல் திண்டாடுகிற என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூர்ப் பெண். கொல்கத்தாவில் லேக் கார்டன்ஸில் ஒரு மாடி அறையில் ஜாகை. வேலை, பைபாஸ் சாலையோரம் இருக்கும் பெரிய அடுக்குமாடி வளாகம் ஒன்றில். கேட்டிலிருந்து கடைசிக் கட்டிடம் வரை ஆட்களை ஏற்றிக்கொண்டு தானாகவே போய்வரும் எங்கள் கம்பெனியின் பேட்டரி வண்டி அங்கே வெள்ளோட்டத்தில் இருந்தது. ஏதாவது விபரீதம் என்றால் மட்டும் நான் பிரேக்கை மிதிக்க வேண்டும். குளிர்காலம் முடிவதற்குள் குடியிருப்போர் சங்கம் சம்மதித்தால் வண்டி அங்கேயே ஓடும். இல்லாவிட்டால் வண்டியை மூட்டை கட்டுவார்கள், கூடவே என்னையும். எனக்கோ அதை விட்டுப் போக மனசே இல்லை. முதல்முறை அது தானாக வளைவில் திரும்பியபோது நான் சீட்டிலேயே துள்ளியிருக்கிறேன்!

யாரைத் திட்டுவது?

சங்கச் செயலாளர் சுந்தரம் சார் நம்மவர். தாத்தா காலத்திலேயே கொல்கத்தா வந்த குடும்பம். வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழைவிட வங்காளத்தில் சரளமாகக் கோபப்படுவார்.

முதல் நாள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கேமராவை முறைத்தார், கதவைத் தட்டிப் பார்த்தார். நான் மூச்சு விடாமல் விளக்கினேன். தூங்காது சார், போன் பேசாது சார், வழியில் நிறுத்தி டீ குடிக்காது சார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், முகம் மட்டும் மலரவில்லை. வண்டியில் ஏறினால் ஓட்டுநரோடு இரண்டு வார்த்தையாவது சண்டை போட்டால்தான் இந்த ஊரில் பயணம் செய்த திருப்தி வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது. கடைசியில் கேட்டே விட்டார்.

"எல்லாம் சரிம்மா. ஓட்டறவனே இல்லேன்னா நான் யாரைத் திட்டறது?"

நடுரோட்டில் அட்டா

கொல்கத்தாக்காரர்கள் ரோட்டைக் கடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இடம் வலம் பார்ப்பதெல்லாம் கிடையாது. உள்ளங்கையை நீட்டுவார்கள், நடப்பார்கள். பஸ்காரன் திட்டிக்கொண்டே வளைத்துப் போவான். எங்கள் வண்டிக்குத் திட்டத் தெரியாது, நின்றுவிடும். இரண்டே வாரத்தில் வளாகம் முழுக்க இது தெரிந்துபோயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாலைந்து பேர் பால் பாக்கெட்டும் கையுமாக நடுரோட்டில் நின்று அட்டா போட்டுக்கொண்டிருந்தார்கள். அட்டா என்றால் அரட்டைதான், ஆனால் அதற்கு முடிவு கிடையாது. பேச்சு கால்பந்து. ஒருவர் கோபத்தில் கையை வீச, வண்டி அது தனக்குத்தான் என்று நினைத்து நின்றது. அடுத்தவர் கையை வீசினார். இன்னும் பணிவாக நின்றது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் என்னையே பார்க்க, நான் கூரையைப் பார்த்தேன். ஆட்டம் முழுவதையும் அலசி முடித்த பிறகுதான் வழுக்கைத்தலை ஆசாமி ஒருவர் வண்டியைக் கவனித்தார். அருகே வந்து அதன் நெற்றியில் ஆசையாகத் தட்டிக்கொடுத்து, வங்காளத்தில் சொன்னார்.

"அவசரப்படாத வண்டியை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். இது நம்ம ஊர்ப் பிள்ளைதான்!"

அம்மன் போன பிறகு

இது முழுக்க என் கைங்கரியம். வண்டி எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று வழிப்படம் வரைந்து கொடுப்பதும் என் வேலைதான். புதிதாக வந்த சுறுசுறுப்பில் வளாகத்தின் ஒவ்வொரு மூலையையும் அளந்து வரைந்தேன். நான் வந்து இறங்கியது துர்கா பூஜை சமயம். பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு பிரம்மாண்டமான பந்தல் நின்றது. அவ்வளவு பெரியதை யாராவது பிரிப்பார்கள் என்று தோன்றுமா? சுவர் என்றே குறித்துவிட்டேன்.

பூஜை முடிந்து அம்மனை ஆற்றில் கரைத்தார்கள், பந்தலைப் பிரித்து மூங்கிலை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் வண்டி வழக்கம்போலக் கிளம்பியது. வெட்டவெளியாகக் கிடந்த ரோட்டில், இல்லாத பந்தலை ஒட்டி மிக மரியாதையாக வளைந்து போய், மறுபடி நேராயிற்று. திரும்பி வரும்போதும் அதே வளைவு. குழந்தைகள் கைதட்டினார்கள். பால்கனியிலிருந்து ஒரு பெண்மணி குரல் கொடுத்தார்.

"துர்காம்மா கிளம்பிப் போயாச்சுன்னு அதுக்கு யாருமே சொல்லலையா?"

டிங் டிங்

பேட்டரி வண்டி என்பதால் சத்தமே வராது. பின்னால் வந்து நிற்பது தெரியாமல் பலரும் அலறினார்கள். என்ன ஒலி வைக்கலாம் என்று சங்கம் கூட்டம் போட்டது. சங்கு என்றார் ஒருவர், சாமிக்குற்றம் என்றார் இன்னொருவர். முடிவில் டிராம் மணி வைத்தோம். மறுநாளே, ஓடிவந்து ஏறிய பெரியவர் ஒருவர் டிராமில் போன பழக்கதோஷத்தில் என்னிடம் கையை நீட்டினார்.

"எஸ்பிளனேடுக்கு ஒரு டிக்கெட் கொடும்மா."

ஓர் இருக்கை காலி

கடைசிப் பரீட்சை வந்தது. சங்கத்துப் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் ஏறிக்கொண்டார்கள். கேட்டிலிருந்து கடைசிக் கட்டிடம் வரை நான் எதையும் தொடக் கூடாது. தொட்டால் தோல்வி. என் கையை மடியில் கட்டிப்போட்டிருந்தேன்.

பாதி வழியில் மிதாலி அக்கா நின்றிருந்தார். நாலு வீட்டில் சமையல் வேலை, முழங்கால் வலியோடு தினமும் கேட்டிலிருந்து கடைசிக் கட்டிடம் வரை நடப்பவர். சமையலுக்கு வருகிறவர்கள் குடியிருப்பவர்களின் லிஃப்டில்கூட ஏறக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். வண்டிக்கு அது தெரியாது. அவர் கையை நீட்டினார். அது நின்று கதவைத் திறந்தது. ஏறிய பிறகுதான் உள்ளே இருந்த முகங்களை அவர் பார்த்தார், அப்படியே உறைந்தார்.

கதவு சாத்திக்கொண்டது. எல்லோரும் உட்கார்ந்தால்தான் வண்டி நகரும். ஓர் இருக்கை காலியாகத்தான் இருந்தது, சுந்தரம் சாருக்குப் பக்கத்தில். அதில் அவருடைய பை. பின்னாலிருந்து ஒரு குரல், "அவளை இறக்கிவிடும்மா" என்றது. இறக்குவதென்றால் நான் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் தோல்வி, வண்டி கையை விட்டுப் போயிற்று. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குரலைக் கேட்ட பிறகு வண்டி போனாலும் பரவாயில்லை, அழுத்த மாட்டேன் என்றுதான் இருந்தது. யாரும் அசையவில்லை. வண்டியும்தான்.

மிதாலி அக்கா சுந்தரம் சார் வீட்டிலும் சமைக்கிறவர். சார் தொண்டையைச் செருமினார். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நகர்ந்தார். பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி, அவருக்குக் கைவந்த வங்காளத்தில் சொன்னார்.

"உட்காரு மிதாலி. நீ உட்காராம இந்த வண்டி நகராது, நீ வராம எங்க யார் வீட்லயும் அடுப்பு எரியாது."

அன்று சாயங்காலமே சங்கம் சம்மதித்துவிட, ஓட்டுநரே தேவையில்லை என்று ஊரறிய நிரூபித்த குற்றத்துக்காக என்னை அந்த வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் நிரந்தரமாக்கிவிட்டார்கள்.